அடுத்தவர் வாய்க்குப் போகும் கரண்டி

புதிதாக வேலை பழக வந்திருக்கும் உங்களுக்கு, உருக்கை எப்படி வளைப்பது, தோல்பட்டிக்கு எந்த இடத்தில் துளை போடுவது என்றெல்லாம் சொல்லித்தர நான் இன்று வரவில்லை. அதைப் பட்டறையில் என்னோடு வேலை செய்த அன்ரன் என்னைவிட நன்றாகச் சொல்வான். கூடவே நான் பழுதாக்கிய சாமான்களின் கதைகளையும் எடுத்துவிட்டுச் சிரிப்பான். அவனை நம்புங்கள், கதைகளை மட்டும் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்ல வந்தது ஒரு கலியாண வீட்டுக் கதை. ஓய்வு பெற்ற பிறகு இதை நினைத்து நான் குசினியில் தனியாக நின்று சிரிப்பதைப் பார்த்து என் மருமகள் பயந்துபோயிருக்கிறாள். உங்களிடம் கொட்டிவிட்டால் அவளுக்கும் நிம்மதி.

விரல்கள் இல்லாமல் பிறந்தவர்கள், பிறகு இழந்தவர்கள், கை இறுகிப்போய் எதையும் பற்ற முடியாதவர்கள், இவர்கள் எல்லாரும் தாங்களாகவே சாப்பிடுவதற்கு ஏற்ற கரண்டியும் தட்டும் கோப்பையும் செய்வதுதான் மானிப்பாயில் இருக்கும் நம் பட்டறையின் வேலை. இது உங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாதது, இந்த வேலை எனக்குத் தந்த மரியாதை. ஒருமுறை பஸ்ஸில் வந்துகொண்டிருந்தபோது கொண்டக்டர், "கரண்டி அன்ரி இறக்கம்!" என்று கத்தினார். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் தலையை நிமிர்த்திக்கொண்டு அரசி மாதிரி இறங்கினேன். உங்களுக்கும் அப்படி ஒரு பெயர் கிடைக்கட்டும்.

மத்தியானச் சாப்பாட்டுக்குக் கையை முட்டியாக மூடி, அதன்மேல் பழைய காலுறையைப் போட்டு, நாம் செய்த கரண்டியைப் பட்டியால் கட்டிக்கொண்டு சாப்பிட வேண்டும் என்ற சட்டம் நான் கொண்டுவந்தது. அதற்காக நீங்கள் என்னைத் திட்டுவதும் எனக்குத் தெரியும். அதிலும் புட்டுத்தான் பொல்லாத பரீட்சை. நாலாபக்கமும் பறக்கும். வாசலில் வரும்போதே உங்களில் ஒருவரின் சட்டையில் நேற்றைய சொதியைக் கண்டேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

சரி, கதைக்கு வருகிறேன்.

நீர்வேலியில் வாழைத்தோட்டம் வைத்திருக்கும் ஒருவரின் மகள் தாரணி. பிறக்கும்போதே அவளுடைய வலது கையில் விரல்கள் இல்லை, உள்ளங்கை மட்டும்தான். இடது கைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் சாப்பாட்டில் இடது கையை வைத்தால் நம் ஊரில் என்ன பேச்சு வரும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதனால் சின்ன வயதிலேயே அவளைத் தகப்பன் எங்களிடம் கூட்டிவந்தார். உள்ளங்கையைச் சுற்றி ஒரு பட்டி, பட்டியில் ஒரு கரண்டி, தள்ளினால் நகராத, ஓரம் உயர்ந்த தட்டு. அவள் வளர வளரப் பட்டியும் வளர்ந்தது. எங்கள் கரண்டியால் இடியப்பத்தைச் சிந்தாமல் சாப்பிடுவதில் அவளை வெல்ல ஆளில்லை. நாங்கள் புதிதாக யாருக்கும் நம்பிக்கையூட்ட வேண்டுமென்றால் அவளைத்தான் கூப்பிடுவோம். அவளும் வந்து சாப்பிட்டுக் காட்டிவிட்டு, ஒரு சொட்டுக்கூடச் சிந்தாத மேசையைக் கண்ணால் காட்டிச் சிரிப்பாள்.

அப்படிப்பட்டவள் ஒருநாள் காலையில் வந்து வாசலில் நின்றபடியே, "அன்ரி, எனக்குக் கலியாணம்" என்றாள்.

அன்ரன் அராவிக்கொண்டிருந்த கரண்டியைப் போட்டுவிட்டு விசில் அடித்தான். நான் அவளைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினேன். மாப்பிள்ளை பிரதீபன், அச்சுவேலியில் உரக்கடை வைத்திருக்கிறவர், அமைதியான ஆள், அவளே விரும்பிய ஆள் என்றெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னாள். பிறகு முகம் சுருங்கியது.

"எல்லாம் நல்லாத்தான் போகுது. பூதாக்கலந்தான் பிரச்சினை."

குருநகர்க் கத்தோலிக்கனான அன்ரனுக்கு அது புதிது. "உது என்ன சாமான்?" என்று கேட்டான்.

"தாலி கட்டி மாப்பிள்ளை வீட்டுக்குப் போனாப் பிறகு ரெண்டு பேரும் ஒரே இலையிலை சாப்பிடுறது, அண்ணை. அவர் எனக்குச் சோறு தீத்துவார். பிறகு நான் அவருக்குத் தீத்தவேணும். எல்லாரும் சுத்தி நிண்டு பாப்பினம்."

"எங்கடை ஆக்களிலை கேக் தீத்திறமாதிரி. அதுக்கென்ன?"

"அவரின்ரை பெரியமாமி சொல்லிப்போட்டா, தன்ரை மகள் பக்கத்திலை இருந்து என்ரை கையைப் பிடிச்சுத் தீத்துவாளாம். பிள்ளை கஷ்டப்படக்கூடாதாம்." தாரணியின் குரல் உயர்ந்தது. "அன்ரி, எழுதப் பழக்கேக்கை பிடிச்சினம். கோயிலிலை திருநீறு வாங்கேக்கை பிடிச்சினம். போட்டோ எடுக்கேக்கை கையை மறைக்கப் பிடிச்சினம். என்ரை புருசனுக்கு முதல் வாய்ச் சோறும் ஆரோ பிடிச்சுத் தீத்தினா அது நான் தீத்தினதோ? இதை நான் தனியச் செய்யவேணும்."

தன் கையால் தானே அவருக்கு ஒரு வாய் ஊட்ட வேண்டும், அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். வேறு எதையும் அவள் கேட்கவில்லை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதுவும் ஒரு பிரச்சினையா! கரண்டியால் சாப்பிடுவதில் ராணி அவள். கரண்டியை நல்லாய் மினுக்கிக் கொடுத்தால் காரியம் முடிந்தது. "இப்பவே ஒத்திகை பாப்பம்" என்று அன்ரனின் தலையில் ஒரு துவாயைத் தலைப்பாகையாகச் சுற்றி அவளுக்கு வலப்பக்கத்தில் மாப்பிள்ளையாக இருத்தினேன். தட்டில் சோறும் பருப்பும் வைத்தேன். அன்ரன் வெட்கப்படுவதுபோல் நடித்து வாயைத் திறந்தான்.

கரண்டி சோற்றை அழகாக அள்ளியது. அவனை நோக்கித் திரும்பியது. நேரே அவனுடைய காதுக்குப் போனது.

இரண்டாம் தரம் தாடிக்குப் போனது. மூன்றாம் தரம் தாரணி தோளை உயர்த்தி, இடுப்பை வளைத்து, கதிரையில் பாதி எழும்பி முயன்றாள். பருப்பு முழுவதும் அவன் சட்டைப் பைக்குள் இறங்கியது. அன்ரன் பைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, காதாலை சாப்பிடுற மாப்பிள்ளை எண்டா உது காணும்" என்றான். நாங்கள் மூவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர் என்னவோ ஏதோ என்று ஓடிவந்துவிட்டார்.

சிரித்து முடிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தக் கரண்டியைக் கையில் எடுத்தபோதுதான் எனக்கு உறைத்தது. அதன் கழுத்து உள்பக்கமாக வளைந்திருந்தது. வளைத்தது நான்தான். பின்னால் தட்டியில் தொங்கிய கரண்டிகளைத் திரும்பிப் பார்த்தேன். சின்னது, பெரியது, மரப்பிடி, றப்பர்ப்பிடி, எல்லாமே உள்பக்கம்தான். ஒருவர் தன் சோற்றைத் தானே சாப்பிட வேண்டும் என்பதிலேயே நான் இவ்வளவு காலமும் குறியாக இருந்திருக்கிறேன். அவரும் ஒருநாள் இன்னொருவருக்கு ஒரு வாய் கொடுக்க விரும்பலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அப்படி ஒரு கரண்டியை எங்களிடம் யாரும் கேட்டதும் இல்லை. நாங்கள்தான் கேட்கவிடவில்லையோ என்னவோ.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் பட்டறையில் ஒரே கொண்டாட்டம். வெளிப்பக்கம் வளையும் கரண்டிக்கு எவ்வளவு வளைவு வேண்டும் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க ஒருவருக்கு ஒருவர் ஊட்டித்தான் பார்க்க வேண்டும். காலுறை போட்ட கையோடு நான் அன்ரனுக்கு ஊட்டினேன், அன்ரன் எனக்கு ஊட்டினான், மின்சார வாசிப்பு எடுக்க வந்த ஆளைக்கூட இருத்தி ஊட்டினோம். அவர் இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நடுவில் தாரணியின் தகப்பன் வந்து, கரண்டிப் பிடியில் மயில் கொத்த வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். "ஐயா, மயிலைக் கொத்தினா இடுக்கிலை சோறு அடையும்" என்று சொல்லிப் பார்த்தேன். "அப்ப ஒரு சின்ன மயில்" என்றார். கடைசியில் பட்டியின் கொக்கியில் ஒரு மயில் வந்தது. கோழி என்றுதான் அன்ரன் இன்றைக்கும் சொல்கிறான்.

பெரியமாமியைச் சம்மதிக்க வைத்தது பிரதீபன். "கரண்டியாலை பூதாக்கலமோ? கலியாண வீடோ ஆசுப்பத்திரியோ?" என்று அவர் முதலில் குதித்தாராம். பிறகு இறங்கிவந்து ஒரு தீர்ப்புச் சொன்னார். ஒருதரம் பிள்ளை தனிய முயன்று பார்க்கட்டும். சிந்தினால் அவருடைய மகள் கையைப் பிடிப்பாள். முதல் வாய் நிலத்தில் விழக்கூடாது, அவ்வளவுதான்.

நீதியான தீர்ப்பென்றுதான் நாங்கள் நினைத்தோம். ஏனென்றால் பட்டறையில் தாரணி அன்ரனுக்கு ஒரு பருக்கையும் சிந்தாமல் ஊட்டத் தொடங்கியிருந்தாள். அன்ரனுக்கு வயிறு வைத்ததுகூட அந்த நாட்களில்தான்.

கலியாண நாள். நான் கத்தரிப்பூ நிறச் சேலை, அன்ரன் புது வேட்டி. தாலி கட்டும்போதும் எங்கள் நினைப்பெல்லாம் கரண்டியில்தான். பொம்பிளை மாப்பிள்ளையோடு நாங்களும் அச்சுவேலிக்குப் போய்ச் சேர்ந்தோம். பந்தலில் மேசை போட்டு, இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் இருத்தினார்கள். தாரணியின் வலப்பக்கம் பிரதீபன், நாங்கள் பழகிய மாதிரியே. தாரணி பட்டியைத் தானே பல்லால் இழுத்து இறுக்கினாள். சுற்றி நின்ற சனத்தில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. மேசையின் மற்றப் பக்கத்தில் பெரியமாமியும் அவருடைய மகளும், கையைத் தயாராக வைத்துக்கொண்டு.

அப்போது ஒருவர் இலையைக் கொண்டுவந்து விரித்துத் தண்ணீர் தெளித்தார்.

நான் அன்ரனின் கையைப் பிடித்து இழுத்தேன். "அன்ரன், இலை!" என்றேன்.

"ஓமக்கா, நல்ல இலை. நீர்வேலியிலையிருந்து வந்தது." அவன் எங்கேயோ ஒரு வடை எடுத்துவிட்டிருந்தான்.

"அதுக்குக் கரை இல்லையடா!"

அன்ரனின் வாயில் வடை அப்படியே நின்றது.

பட்டறையில் நாங்கள் பழகியதெல்லாம் ஓரம் உயர்ந்த, அடியில் றப்பர் வைத்த தட்டில். சோறு அந்தக் கரையில் முட்டித்தான் கரண்டிக்குள் ஏறும். வாழையிலையில் எதில் முட்டும்? தள்ளினால் சோறும் போகும், இலையும் போகும், எல்லாம் பிரதீபனின் பட்டுவேட்டியில். எத்தனை கலியாண வீட்டில் இலையில் சாப்பிட்டிருப்போம் நாங்கள்! பூதாக்கலம் இலையில்தான் என்று தாரணியே முதல் நாள் சொன்னாள். அப்படியிருந்தும் எங்கள் தட்டை விட்டு எங்கள் புத்தி வெளியே வரவில்லை. இந்தத் தொழிலில் உங்களுக்கு வரப்போகிற பிழைகளும் அநேகமாக இந்த வகைதான். சாமானில் பிழை இருக்காது, சாமானை வைக்கும் இடத்தை மறந்திருப்பீர்கள்.

என் பையில் கரை வைத்த தட்டு ஒன்று இருந்தது. எங்கே போனாலும் ஒன்று கொண்டுபோவேன். அதை எடுத்துக்கொண்டு எழும்பிவிட்டேன். இரண்டு அடி வைத்தால் மேசை. இலையை எடுத்துவிட்டுத் தட்டை வைத்தால் ஒரு பருக்கையும் சிந்தாது, எங்கள் பெயரும் தப்பும். ஆனால் தாரணி என்ன கேட்டாள்? தனியச் செய்ய வேண்டும் என்று. இத்தனை சனத்துக்கு நடுவே நான் ஓடிப்போய் இலையை மாற்றினால், கையைப் பிடிக்க நிற்கும் பெரியமாமியின் மகளுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அதே நேரம், நான் போகாமல் இருந்து முதல் வாய் நிலத்தில் விழுந்தால்? அந்தப் பிள்ளையின் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்?

தாரணி என்னைக் கண்டாள். என் கையில் இருந்த தட்டையும் கண்டாள். இலையை ஒருதரம் பார்த்தாள். விளங்கிவிட்டது அவளுக்கு. என்னைப் பார்த்து மெல்லத் தலையாட்டினாள், வேண்டாம் என்று.

நான் இருந்தேன். தட்டைக் கதிரையில் போட்டு அதன்மேலேயே இருந்தேன், திரும்ப எழும்பாமல் இருக்க. என் தொழில் வாழ்க்கையில் நான் செய்த மிகக் கடினமான வேலை அதுதான் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். ஒருநாள் நீங்களும் ஒரு தட்டின்மேல் இருக்க வேண்டி வரும்.

பிரதீபன் முதலில் ஒரு வாய் ஊட்டினார். சனம் கைதட்டியது. இனி அவள் முறை. கரண்டியைச் சோற்றுக்குள் விட்டுத் தள்ளினாள். சோறு நகர்ந்தது, இலை வழுக்கியது, ஒரு பக்கத்தில் கிழிந்தது. கத்தரிக்காய்க் கறி ஓரத்துக்கு வந்து விழுவதா வேண்டாமா என்று நின்றது. யாரோ "ஐயோ" என்றார்கள். பெரியமாமியின் மகள் குனிந்து கையை நீட்டினாள்.

"பொறுங்கோ மச்சாள்," என்றாள் தாரணி. "இன்னும் ஒண்டும் சிந்தேல்லை."

பிறகு என்ன செய்தாள் என்று நினைக்கிறீர்கள்? இலையின் மூலையில் வாழைப்பழம் ஒன்று வைத்திருந்தார்கள், அவளுடைய வீட்டுத் தோட்டத்துப் பழம். அதைத் தோலோடு இடது கையால் எடுத்தாள், அந்தக் கை சோற்றில் படவே இல்லை. வளைவின் உள்பக்கம் தன்னைப் பார்க்கும்படி இலையின் ஓரத்தில் வைத்து அமத்திப் பிடித்தாள். தோட்டத்தில் தண்ணீர் ஓடாமல் வரம்பு போடுகிற மாதிரி, வாழைப்பழத்தால் ஒரு வரம்பு! இலையும் நகரவில்லை, சோறும் தப்பவில்லை. தள்ளினாள். சோறு பழத்தில் முட்டிக் கரண்டி நிறைய ஏறியது. கரண்டி வலப்பக்கம் திரும்பியது. பிரதீபன் வாயை அகலத் திறந்துகொண்டு, மூச்சும் விடாமல் இருந்தார். கரண்டி நேரே வாய்க்குள் போனது. வெறுமையாக வெளியே வந்தது.

எழும்பிய சத்தத்தில் பந்தல் விழாதது அதிசயம். தாரணியின் தகப்பன் பக்கத்தில் நின்ற ஐயரைக் கட்டிப்பிடித்தார். அன்ரன் என்னைப் பிடித்துக் குலுக்கினான். நான் தட்டை எடுத்து மேளம் மாதிரி அடித்தேன். எனக்கு என்ன வயது என்பதெல்லாம் அந்த நேரத்தில் நினைவில் இல்லை.

அந்த ஆரவாரத்துக்குள் பெரியமாமி எழும்பி வந்தார். சனம் விலகி வழிவிட்டது. அவர் தாரணிக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"எனக்கும் ஒரு வாய் தா பிள்ளை," என்றார். "உப்புக் காணுமோ எண்டு பாக்கவேணும்."

தாரணி ஊட்டினாள். பெரியமாமி மென்றுகொண்டே தலையை ஆட்டினார். உப்பை மறந்துவிட்டு, கண்ணைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். பிறகு வரிசை தொடங்கிவிட்டது. கையைப் பிடிக்க வந்த மச்சாள், சின்னப்பிள்ளைகள், வீடியோக்காரர், எல்லாரும் வாயைத் திறந்துகொண்டு. நானும் போய் வரிசையில் நின்றேன், வெட்கமே இல்லாமல். "அன்ரி, பெரிசாத் திறவுங்கோ" என்று அவள் எனக்கு ஊட்டினாள். இவ்வளவு காலம் கரண்டி செய்தும், நான் செய்த கரண்டியால் எனக்கு ஒருவர் ஊட்டியது அன்றைக்குத்தான். அழுதேன், சிரித்தேன், புரைக்கேறியது, எல்லாம் ஒன்றாக.

அதற்குப் பிறகு பட்டறைக்கு வாழையிலை வந்தது. நீங்கள் வெள்ளிக்கிழமைகளில் இலையில் சாப்பிட்டுப் பழகுவதன் காரணம் இதுதான். இன்னொன்றும் மாறியது. புதிதாக வருகிறவர்களிடம் என்ன சாப்பிட விருப்பம் என்றுதான் அதுவரை கேட்டுவந்தேன்.

கலியாணம் முடிந்து கொஞ்ச நாளில் குருநகரில் இருந்து ஒரு கடற்றொழிலாளி வந்தார். வள்ளத்து எஞ்சினில் அகப்பட்டு இரண்டு கைகளின் விரல்களையும் இழந்தவர். பேச்சுக் குறைவு. யாரோ வற்புறுத்தி அனுப்பியிருக்க வேண்டும், கதிரையின் நுனியில் இருந்தார். கூடவே ஒரு சின்ன மகள், கதிரைக் காலைப் பிடித்துக்கொண்டு.

"அண்ணை, ஆருக்குத் தீத்த விருப்பம்?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். கேள்வி விளங்கவில்லையோ என்று நினைத்தேன். பிறகு அவருடைய கண் மெல்ல மகளிடம் இறங்கியது.

"இவள் பிறக்கமுதல்தான் எனக்கு உப்பிடி நடந்தது," என்றார். "ஒருநாளும் இவளுக்கு ஒரு வாய்..." கையின் மேற்பக்கத்தால் மகளின் தலையைத் தடவினார்.

அன்ரன் அளவு நாடாவை எடுத்துவந்தான். அவருடைய தோளில் இருந்து அவருடைய வாய்க்கு அளப்பதுதான் எங்கள் வழக்கம். அன்றைக்கு அந்தப் பிள்ளையைத் தூக்கி அவருக்கு முன்னால் மேசையில் இருத்தி, அவருடைய தோளில் இருந்து அவளுடைய வாய்க்கு அளந்தோம். அவள் உடனே வாயை ஆவென்று திறந்தாள்.

"இப்ப அளவுதான் எடுக்கிறம், குஞ்சு. சோறு இல்லை. வாயை மூடுங்கோ," என்றான் அன்ரன்.

அளந்து முடியும்வரை அவள் மூடவே இல்லை.